இருநூற்றுப் பன்னிரண்டாம் அடுக்கு

கடைசி டிராம் போன பிறகுதான்
லுண்ட் நகரம் அசையாமல் நிற்கும்.
ஊரில் பலருக்கு அது தெரியாது.
நிலவறையில் நுண்ணோக்கியோடு விழித்திருக்கும்
எங்கள் இருவருக்குத் தெரியும்.

பன்னிரண்டு நாற்பத்தேழு.
திரையில் நடுக்கம் நின்றது.
இல்வா நனைந்த மேலங்கியோடே உட்கார்ந்தாள்.
வெளியே நவம்பர் மழை;
உள்ளே நானூற்று இருபது டிகிரி,
தலைமயிர் ஒன்றை இரண்டாயிரமாய்ப் பிளந்தால்
கிடைக்கும் அகலத்தில் ஒரு கம்பி,
அதன் உச்சியில் உருகிய பொன்துளி.

துளி நிரம்புகிறது.
ஒன்றும் நடக்கவில்லை.
இன்னும் நிரம்புகிறது.
ஒன்றும் நடக்கவில்லை.

அப்படிச் சொல்வது கண்.
அடியில் ஏழெட்டு அணுக்கள் கூடுகின்றன,
கணக்குப் பார்க்கின்றன,
கட்டுப்படியாகாமல் கலைகின்றன.
சின்னத் தீவுக்கு நிலம் கொஞ்சம், கரை அதிகம்;
வரவெல்லாம் கரைக்கே செலவாகிக்
கரைகிறது.
எத்தனை கரு இப்படிப் போனதென்று
எந்தக் கருவியும் எண்ணியதில்லை.

பிறகு ஒன்று,
துளியும் கம்பியும் ஆவியும்
மூன்றும் தொட்டுக்கொள்ளும் விளிம்பில்,
கலையாத அளவை எப்படியோ எட்டிவிடுகிறது.
அவ்வளவுதான்.
மேசையில் சிந்திய பாலைப் போல
ஓர் அடுக்கு மறுகோடிவரை ஓடி முடிகிறது.

முடிந்ததும் துளி ஏழை.
உள்ளே இருந்ததைக் கொடுத்துவிட்டது.
உடனே இன்னொன்று பிறக்க வழியில்லை.
"பதினொன்று, பத்து, பதினொன்று"
என்று வினாடிகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள் இல்வா.
"பகடை இப்படி விழாது.
இதற்குத் தன் வறுமை நினைவிருக்கிறது."

முதல் கரு எங்கே அமர்கிறதோ
அதுவே அந்த அடுக்கின் எழுத்து.
அ ஆ அ ஆ அ ஆ
இருநூற்றுப் பதினொரு அடுக்குவரை
ஒரே பிடிவாதம்.

இருநூற்றுப் பன்னிரண்டில் இ.

துளி வீங்கி விளிம்புக்கு வெளியே தொந்தி சரிந்தது.
கம்பியின் மூலை மழுங்கியது.
கரு இப்போது விளிம்பைத் தேடவில்லை.
அ ஆ இ அ ஆ இ.
அறுகோணம் கனசதுரமாகிறது!
இல்வா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.
குறிப்பேட்டில் எழுதி இருமுறை அடிக்கோடிட்டாள்:
தானாகவே மாறியது.

நான் என் திரையைப் பார்த்தேன்.
ஆர்சனிக் ஓட்டம்: ஒன்று.
இரண்டு என்று அடித்திருக்க வேண்டும்.
அடித்தவன் நான்,
ஆறு நிமிடத்துக்கு முன்,
கொட்டாவியோடு.

"இல்வா."
"ம்?"
"ஒன்றுமில்லை."

இரண்டு மணிக்கு ஒருமுறை வாய்வரை வந்தது.
மூன்றே காலுக்கு, அவள் கோபன்ஹேகனில் இருக்கிற யாருக்கோ
படத்தை அனுப்பத் தேடியபோது, இன்னொருமுறை.
ஒவ்வொரு முறையும் இரண்டு சொல், மூன்று சொல்;
அதற்குமேல் சேரவில்லை.
வெட்கம் என்பது நீளமான கரை.

இதற்கிடையே கம்பி வளர்ந்துகொண்டேயிருந்தது.
திட்டமிட்டு வைத்த எழுத்து,
கைதவறி விழுந்த எழுத்து,
படிகத்துக்கு இரண்டும் ஒன்று.
அடுத்த அடுக்கு அதன்மேல்தான் உட்கார வேண்டும்.

ஐந்து மணி, முதல் டிராம்.
தரை நடுங்கி, படம் கலங்கி,
அணுக்களின் வரிசை சாம்பல் புகையானது.
பார்க்க எதுவுமில்லாத அந்த நேரத்தில்
முழு வாக்கியமும் வந்துவிட்டது,
எந்த நிமிடம், எந்த எண், என் விரல்,
நிறுத்த முடியாமல்.

இல்வா நெடுநேரம் பேசவில்லை.
பூங்கா மரங்களில் காகங்கள் எழுந்து கத்தும் சத்தம்
காற்றுக்குழாய் வழியே இறங்கியது.
பிறகு குறிப்பேட்டை இழுத்து
'தானாகவே' என்பதை மட்டும் அடித்தாள்.
அடிக்கோடு இரண்டும் அப்படியே இருந்தன,
ஒரு வெற்றிடத்தைத் தாங்கிக்கொண்டு.

"ஒன்றா, ஒன்றரையா?" என்றாள்.
"ஒன்று."
"இன்றிரவு ஒன்றரையில் வைத்துப் பார்.
துளி எப்போது வீங்கத் தொடங்குகிறதென்று
எனக்குத் தெரிய வேண்டும்."

மேலங்கியின் பொத்தானைப் போட்டாள்.
அது இன்னும் காயவில்லை.